மூன்றாம் லயத்துச் சர்வதேசப் போட்டி

லியனார்ட் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஒரு மனிதருடைய குடையை எடுத்துக் கொடுத்தான்.

எழுபத்தொன்பதாம் வருடம், வைகாசிக் கடைசி. றொசல்லை ஸ்டேசனுக்கு மேலே இருக்கும் மேமலைத் தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்ட நேரம். அந்தப் பக்கத்து மழை மற்ற ஊர் மழை மாதிரி வந்து போகாது. வரும், இருக்கும். கவ்வாத்து வேலையை முடித்துக்கொண்டு, கத்தியைச் சாக்கில் சுற்றி அக்குளில் இடுக்கியபடி லியனார்ட் ஓடைக்கரையோடு வந்துகொண்டிருந்தான். பாலத்தருகே ஒரு கார் மூச்சு நின்று கிடந்தது. காருக்கு வெளியே நீலக் கோட்டுப் போட்ட ஒருவர் நனைந்துகொண்டிருந்தார். அவருடைய குடை காற்றில் பிய்த்துக்கொண்டு போய் அக்கரையில் மல்லாந்து கிடந்தது.

லியனார்ட்டுக்கு மனம் கேட்கவில்லை. பின்னால் போய், ஓடி வந்து, ஓடையைத் தாண்டினான். குடையை மடக்கிக்கொண்டு திரும்பவும் ஒரு தாண்டு.

"இந்தாங்க ஐயா. கம்பி ஒன்னும் வளையல."

கோட்டுக்காரர் குடையை வாங்கவில்லை. இக்கரையையும் அக்கரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீர் இப்போது செய்தது என்னவென்று உமக்குத் தெரியுமா?"

"குடை எடுத்துக் குடுத்தேங்க."

"இல்லை. நீளம் பாய்தல்!"

அவர் பெயர் றோலண்ட். மத்திய மலைநாட்டு மெய்வல்லுநர் மேம்பாட்டுச் சபையின் செயலாளர். அட்டன் நகரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், ஓட்டம் பாய்ச்சல்களை வளர்க்கும் அந்தச் சபை பல வருடங்களாக இயங்கி வந்தது. உறுப்பினர் எல்லோருக்கும் நீலக் கோட்டு உண்டு. கோட்டுப் பையின் மேல் ஒரு சின்னம். சின்னத்தில் ஒரு மனிதர் காற்றில் பாய்ந்துகொண்டிருப்பார். அந்தச் சபையில் அதுவரை பாய்ந்த ஒரே மனிதர் அந்தச் சின்னத்து மனிதர்தான். மற்றவர்கள் கழுத்துப்பட்டியின் நிறம் பற்றிக் கூடிப் பேசி வந்தார்கள்.

அந்த மாதம்தான் சபைக்கு ஒரு புதுச் செய்தி எட்டியிருந்தது. வெளிநாடுகளில் 'உள்ளரங்கு' என்று ஒன்று இருக்கிறதாம். அங்கே வீரர்கள் கூரைக்குக் கீழே ஓடுகிறார்கள், கூரைக்குக் கீழே பாய்கிறார்கள். மழை நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு ஏது? உடனே ஒரு சர்வதேச உள்ளரங்கப் போட்டி நடத்தத் தீர்மானம் நிறைவேறியது. கோலூன்றிப் பாய்தலைக் கூரை இடிக்கும் என்று நீக்கினார்கள். குண்டெறிதலைக் கூரைக்கு ஆபத்து என்று நீக்கினார்கள். ஓட்டங்களை மூச்சு வாங்கும் என்று நீக்கினார்கள். ஆண்களுக்கான நீளம் பாய்தல் மிஞ்சியது.

குறைகள் மூன்றே மூன்று. பாய்கிறவர் இல்லை. வெளிநாடு இல்லை. கூரை இல்லை.

முதல் குறையை ஓடைக்கரையில் லியனார்ட் தீர்த்து வைத்துவிட்டான்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், றோலண்ட் ஐயா வந்து நின்றார். பக்கத்தில் பெரிய துரை. லியனார்ட்டை முன்னால் கூப்பிட்டார்கள்.

"உமது நாடு எது?" என்றார் றோலண்ட் ஐயா.

லியனார்ட் தலையைச் சொறிந்தான். "தெரியலிங்க ஐயா. எங்கப்பா எழுதிப் போட்டாரு. அவரு செத்தும் போயிட்டாரு. இன்னும் பதில் வரல்ல."

"பிறந்தது எங்கே?"

"இந்தா தெரியுதே, மூணாம் லயம். அதுலதாங்க."

"அப்படியானால் இந்த நாட்டுப் பிரஜை இல்லையா?"

"அதத்தாங்க ஐயா எழுதிக் கேட்டிருக்கு. பக்கத்துக் காம்பரா செல்லசாமி அண்ணன் இந்தியாக்காரரு. பாஸ்போட்டு வந்திருச்சி, கப்பலுக்கு நாள்தான் வரல்ல. அதுக்கு அடுத்த காம்பரா கந்தப்பன் இலங்கைக்காரன். அவனுக்குப் பதிஞ்சி குடுத்துட்டாங்க."

இதில் அதிசயம் எதுவும் லியனார்ட்டுக்குத் தெரியவில்லை. இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்டதில், மலையில் ஒரே நீளக் கூரையின் கீழே அறைக்கொரு குடும்பமாகக் குடியிருந்த எல்லா லயமும் இப்படித்தான் ஆகியிருந்தது. மூவரும் பிடிப்பது ஒரே பீலிக் குழாய்த் தண்ணீர். ஒருவன் வீட்டில் உப்பில்லை என்றால் மற்ற இரு நாடுகளிலும் போய் வாங்கிக்கொள்வான்.

ஆனால் றோலண்ட் ஐயா பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே லயத்தில் மூன்று நாடு!" என்றார். "நாங்கள் உலக வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடினோம்."

"மூணாவது நாடு எதுங்க ஐயா?"

"நீர்தான்."

"நானா?"

"எந்த நாட்டிலும் சேராதவரைத் தனியாகத்தான் எண்ண வேண்டும். அதுதான் சர்வதேச முறை."

இரண்டாம் குறையும் தீர்ந்தது. மிஞ்சியது கூரை.

தோட்டத்தில் நீளமான கூரை உள்ள இடம் தொழிற்சாலையின் மாடி. கொழுந்தை வாடப் போடும் இடம். றோலண்ட் ஐயா அதைக் கேட்டார். பெரிய துரை திகைத்துப் போனார்.

"என்ன மிஸ்டர் றோலண்ட், கொழுந்த எங்க கொண்டு வைக்கச் சொல்றீங்க? கொழுந்து நனஞ்சா நாட்டுக்கு நட்டம். ஆள் நனஞ்சா காஞ்சிடும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தோட்டத்தை நன்றாக நிர்வாகம் செய்கிறவர் என்று பேர் வாங்கியவர் அவர். இந்த வாக்கியத்தைச் சொன்னதும் அவருக்கே ஒரு யோசனை பிறந்தது. ஆள் நனைந்தால் காய்ந்துவிடும் என்றால், ஆட்களின் தலைக்கு மேலே கூரை எதற்குச் சும்மா கிடக்கிறது?

அந்த வாரமே மூன்றாம் லயத்துத் தகரங்களைக் கழற்றினார்கள். பெரட்டுக் களத்தில் சவுக்கு மரத் தூண்கள் நட்டு, மேலே அதே தகரங்களைப் பரப்பினார்கள். கணக்கப்பிள்ளை ஒழுங்கான மனிதர். தகரம் கலந்துவிடக் கூடாது என்று முதல் காம்பராவின் தகரத்தை ஓட்டம் தொடங்கும் இடத்திலும், கடைசிக் காம்பராவின் தகரத்தை மணற்குழிக்கு மேலும், இடையில் உள்ளவற்றை வரிசையாகவும் போடச் செய்தார். லயம் எவ்வளவு நீளமோ உள்ளரங்கும் அவ்வளவு நீளம். சுவர் வைப்பதா என்ற கேள்வி எழுந்தது. சபை கூடி, சுவரைப் பற்றி யாரும் தங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று முடிவு செய்தது.

மணல் ஈரமாக இருந்தது. தேயிலை காய வைக்கும் அடுப்பில் அதைக் காய வைத்தார்கள். அந்த வாரத் தேயிலையைக் கொழும்பில் சுவைத்துப் பார்த்தவர்கள், வழக்கத்தைவிடக் கனமான தேயிலை என்று பாராட்டினார்களாம்.

லயத்தில், கைமரங்களுக்கு மேலே மானாப்புல்லைப் பரப்பி, அதற்கு மேல் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குகளைப் போட்டார்கள். மழை அதை ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை.

லியனார்ட்டின் மனைவி சிசிலிக்கு அது நிறைமாதம். அவள் மூலையில், அந்தோனியார் படத்துக்குக் கீழே, முழங்காலைக் கட்ட முடியாமல் வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாங்க, கிளியும் போயிருச்சே."

கிளி என்றது ஒரு பிஸ்கட் டின் மூடியை. போன வருடம் தகரத்தில் விழுந்த ஓட்டைக்கு லியனார்ட் அதைத் தார் பூசி ஒட்டியிருந்தான். மூடியில் வரைந்திருந்த பச்சைக்கிளி உள்பக்கம் பார்க்கும்படி வைத்தான், படுத்தபடியே பார்க்கலாமே என்று. அப்படியும் கிளியின் மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். கீழே ஒரு சட்டி வைத்திருப்பார்கள். புதுத் தகரம் கேட்டு லியனார்ட் பெரட்டில் நின்று சொல்லிச் சொல்லி, கணக்கப்பிள்ளைக்கே அது பாடமாகிவிட்டிருந்தது.

"ரெண்டு கெழமதான்னு சொல்லியிருக்காங்க சிசிலி. போட்டி முடிஞ்சதும் திருப்பிப் போட்டுருவாங்க."

"இந்தப் புள்ளைக்கு அது தெரியுமா?" என்றாள் அவள். பிறகு, அவன் முகத்தைப் பார்த்து, "சரி, சரி. அந்தோனியார்கிட்டச் சொல்லி வைக்கிறேன். கொஞ்சம் பொறுத்து வரச் சொல்றேன்" என்றாள்.

லியனார்ட் றோலண்ட் ஐயாவிடம் போனான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தகரம் எப்போது திரும்பும் என்று கேட்டான். றோலண்ட் ஐயா அன்பாகவே பேசினார்.

"தம்பி, இது இனி நிரந்தர உள்ளரங்கு. ஆசியாவிலேயே இப்படி ஒன்று இருக்காது."

"எங்களுக்குக் கூரைங்க ஐயா?"

அவர் யோசித்தார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. சபையைக் கூட்டிப் பேசி, அன்று மாலையே ஒரு நற்செய்தியுடன் வந்தார். வெற்றிக் கிண்ணம் வாங்கச் சபையிடம் வசதியில்லை. ஆகவே முதல் பரிசு, ஒரு காம்பராவுக்கு வேண்டிய தகரம். வென்றவர் போட்டி முடிந்த கையோடு கழற்றிக்கொண்டு போகலாம்.

"உமது கூரையை நீரே வென்று எடுக்கலாம்! எத்தனை பேருக்கு இந்த வாய்ப்புக் கிடைக்கும்?"

லியனார்ட் நன்றி சொல்லிவிட்டு வந்தான். பாதி வழியில்தான், எதற்காக நன்றி சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தான். விளங்கவில்லை.

போட்டிக்கு முதல் நாள் வெளிநாட்டு அணியை வரவேற்க வேண்டும் என்றார்கள். செல்லசாமி அப்போது லயத்துக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"வெளிநாட்டு அணி வந்து இறங்கினால்தானே வரவேற்க முடியும்?" என்றார் றோலண்ட் ஐயா. "ஏற்கெனவே இங்கே இருப்பவரை எப்படி வரவேற்பது?"

ஆகவே செல்லசாமியை மலையிறங்கி அடுத்த ஸ்டேசனான வட்டவளைக்கு நடக்கவிட்டு, அங்கிருந்து ரயிலேற்றி, றொசல்லையில் இறக்கினார்கள். தப்பு மேளம் முழங்கியது. தேயிலைப் பூவில் கட்டிய மாலை அவர் கழுத்தில் விழுந்தது. றோலண்ட் ஐயா பேசினார்.

"கடல் கடந்து, நீண்ட பயணம் செய்து, எமது மலைநாட்டுக்கு முதன்முதலாக வருகை தந்திருக்கும் இந்திய வீரரே! எமது காலநிலை உமக்குப் புதிதாக இருக்கும். எமது உணவு உமக்குப் பிடிக்காமல் போகலாம்."

செல்லசாமி மாலைக்குள்ளிருந்து லியனார்ட்டைப் பார்த்தார்.

"டேய் தம்பி, வெறகு பாதியில கெடக்குடா. மழையில நனையப் போவுது. யாரையாச்சும் எடுத்து வைக்கச் சொல்லு."

"தங்குமிடம் ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்றார் றோலண்ட் ஐயா.

"எங்கங்க?"

"உமது காம்பராவில்தான்."

"அதுல கூரை இல்லிங்களே."

"வெளிநாட்டவர் இயற்கையை விரும்புவார்கள்" என்று றோலண்ட் ஐயா கூட்டத்துக்கு விளக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

போட்டி நாள் விடிந்தது. கொழும்பிலிருந்து வரவேண்டிய பிரதம விருந்தினர் வரவில்லை. சளியும் தடிமனும் என்று தந்தி வந்தது. மூன்று கொடிக்கம்பங்கள் நின்றன. ஒன்றில் இலங்கைக் கொடி. ஒன்றில் இந்தியக் கொடி. மூன்றாவது கம்பம் வெறுமனே நின்றது. அதை நிமிர்த்தி நடுவதற்குத்தான் நிறையப் பேர் பாடுபட்டார்கள்.

கந்தப்பனுக்காக இலங்கைக் கீதம் இசைத்தார்கள். செல்லசாமிக்காக இந்தியக் கீதம் இசைத்தார்கள். லியனார்ட்டின் முறை வந்ததும், எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்கும்படி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்கள். தொப்பிகள் கழன்றன. கோயில் ஆட்கள் சிலர் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். தூரத்தில் நின்ற ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம், "யாரு செத்தது?" என்று கேட்டாள். "நம்ம லியனார்ட்" என்று பதில் வந்தது.

அளக்கிற வேலையை றொசல்லைத் துணிக்கடைப் பக்கீர் நானாவிடம் கொடுத்திருந்தார்கள். ஊரில் நல்ல நாடா அவரிடம்தான் இருந்தது. ஒழுங்கை மேற்பார்க்கிற வேலை கணக்கப்பிள்ளைக்கு. ஆளுக்கு மூன்று பாய்ச்சல் என்பது விதி.

"இலங்கை!" என்று கூப்பிட்டார் றோலண்ட் ஐயா.

கந்தப்பன் ஓடி வந்தான். கால் ஊன்றிப் பாய வேண்டிய பலகைக்கு வெகு முன்னாலேயே கிளம்பி, குழியின் விளிம்பில் பொத்தென்று விழுந்தான்.

"அரைப்பேர்!" என்று கத்தினார் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறை குறைந்தால் பாதிச் சம்பளத்துக்குப் பதிகிற வார்த்தை அது. அவருக்கு வேறு தீர்ப்புத் தெரியாது.

பக்கீர் நானா குனிந்து அளந்தார். அளந்த இடத்துக்கு மேலே ஒரு சாண் விட்டு நாடாவைப் பிடித்தார்.

"அது என்ன கூடுதலாக?" என்றார் றோலண்ட் ஐயா.

"எங்க கடையில சீலைக்கும் அப்படித்தான் ஐயா, கொஞ்சம் விட்டுத்தான் கிழிப்போம். தைக்கிறப்ப இழுக்கும்ல. எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் விடுறேன், பயப்படாதீங்க."

"இந்தியா!"

செல்லசாமி ஓடவில்லை, நடந்து வந்தார். பலகையில் நின்று, வேட்டியைச் சரிசெய்து, வாய்க்காலில் இறங்குகிறவர் போலக் குழிக்குள் ஒரு காலை வைத்தார்.

"என்ன இது? இரண்டு நாட்டு உறவு என்னாவது?" என்று பதறினார் றோலண்ட் ஐயா.

"முழங்கால் வாதமுங்க."

லியனார்ட்டுக்குச் சந்தேகம் தட்டியது. அவரைத் தனியே பிடித்தான். "அண்ணே, முந்தாநாத்து உரமூட்டையோட தண்ணிக் கான் தாண்டுனீங்களே. வாதம் எப்ப வந்துச்சி?"

"காலையிலதான்."

"கந்தப்பா, ஒனக்கு?"

"எனக்கும் அதே வாதம்தான் மச்சான். தொத்துது போல" என்றான் கந்தப்பன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"ஒன் பொண்டாட்டிக்கு நாள் வந்துருச்சிடா" என்றார் செல்லசாமி. "வாய மூடிக்கிட்டுப் பாய்."

லியனார்ட் லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். செல்லசாமி வீட்டில் சின்னஞ்சிறுசுகள் உண்டு. கந்தப்பனுடைய தாய் பேச்சியம்மாவுக்கு இருமல். அவர்கள் தலைக்கு மேலும் புல்தான். பாய்ந்தால் அவர்களுடைய கூரையைப் பாய்ந்து வாங்குகிற மாதிரி. பாயாவிட்டால் சிசிலி நனைவாள். ஓடைக்கரையில் குடை கிடந்தபோது இப்படியெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"நாடற்றோர்!" என்று அழைப்பு வந்தது.

ஓடி வந்தான். பலகையில் கால் வைத்த நேரம், உச்சந்தலையில் குளிர்ச்சியாக ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தான். பச்சைக்கிளி. பலகைக்கு நேர் மேலே, அவனுடைய தகரம். பார்த்தபடியே பாய்ந்து, பக்கவாட்டில் போய் விழுந்தான். அப்படியும் மற்ற இருவரையும்விட வெகு தூரம்.

அப்போதுதான் மழை இறங்கியது.

அதுவரை பெய்ததை மழை என்று சொல்லக் கூடாது என்பது போல இறங்கியது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒலிபெருக்கி தோற்றது. றோலண்ட் ஐயாவின் வாய் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. விழா அந்த அளவில் இனிமையாகவே நடந்துகொண்டிருந்தது.

மூன்றாம் லயத்தில் படங்குகள் சரிந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அரிசிப் பானையை முந்தானையால் மூடிக்கொண்டு, சனங்கள் உள்ளரங்குக்குள் ஓடி வந்தார்கள். யாரும் யாருக்கும் வழி சொல்லவில்லை. முதல் காம்பராக்காரர் ஓட்டம் தொடங்கும் இடத்தில் நின்றார்கள். அடுத்த காம்பராக்காரர் அடுத்த இடத்தில். அவரவர் அவரவருடைய தகரத்தின் கீழே, லயத்தில் இருக்கிற வரிசையிலேயே. செல்லசாமியின் மனைவி போன கையோடு பாயை விரித்துவிட்டாள்.

மழை சற்றுத் தணிந்தபோது றோலண்ட் ஐயாவின் குரல் கேட்டது. "உள்ளரங்குக்குள் ஆட்கள் வரக்கூடாது! வெளியே போங்கள்!"

"எங்க ஐயா வெளிய?" என்றாள் பேச்சியம்மா. "இதுதானே எங்க வூட்டுக் கூரை."

சிசிலி கிளிக்குக் கீழே நின்றாள். நின்றவள் லியனார்ட்டின் தோளைப் பிடித்தாள். பிடித்த பிடியிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

"அந்தோனியாரு கேக்கல போல" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பேச்சியம்மா அந்தத் தோட்டத்தில் பாதிப் பேரைப் பூமிக்கு வாங்கிப் போட்டவள். சுற்றிப் பார்த்தாள். எங்கும் சேறு. காய்ந்த, மெத்தென்ற, சுத்தமான இடம் மலையிலேயே ஒன்றுதான் இருந்தது. "குழியில படுக்க வைங்கடா" என்றாள். பெண்கள் படங்குகளைப் பிடித்துச் சுற்றி மறைப்புக் கட்டினார்கள். பக்கீர் நானா தாம் வந்த மாட்டுவண்டிக்கு ஓடிப்போய் வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்தார். வாழ்நாளில் அன்றைக்குத்தான் அவர் அளக்காமல் கிழித்தார்.

சபையினர் ஓரமாக ஒதுங்கி அவசரக் கூட்டம் போட்டார்கள். குழியில் ஆள் இருக்கும்போது பாயக்கூடாது என்றார் ஒருவர். பாய்ந்து முடியாமல் பரிசு கொடுக்கக்கூடாது என்றார் இன்னொருவர். பரிசு கொடுக்காமல் தகரத்தைத் தொடக்கூடாது என்றார் பெரிய துரை. பிறக்கப் போவது எந்த நாட்டுக் குழந்தை, அதற்கு எந்தக் கம்பம் என்று கேட்டார் மற்றொருவர். லியனார்ட் வெறுங்கம்பத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு, தெரிந்த செபங்களையெல்லாம் வரிசை தப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

குழந்தை அழுதது.

மழைச் சத்தத்துக்கு மேலே அது கேட்டது. "அரைப்பேர்" என்று கணக்கப்பிள்ளை வாயெடுத்தார், பழக்கம். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "முழுப்பேர், முழுப்பேர்" என்றார்.

பெண் குழந்தை. துணி ஒன்றுதான் அதன்மேல். குளிரில் அதன் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. "காஞ்ச துணி, கம்பிளி, எதாச்சும் குடுங்க!" என்று மறைப்புக்குள்ளிருந்து பேச்சியம்மா கை நீட்டினாள். லயத்தில் காய்ந்த கம்பளி எவரிடமும் இல்லை. காய்ந்திருந்தவை நீலக் கோட்டுகள் மட்டும்தான்.

சபையினர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்கு ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. றோலண்ட் ஐயா தீர்மானத்துக்குக் காத்திருக்கவில்லை. கோட்டைக் கழற்றினார். பல வருடமாக யாரும் அவரைக் கோட்டில்லாமல் பார்த்ததில்லை. உள்ளே சட்டையின் முதுகில் பெரிய ஒட்டு ஒன்று இருந்தது. கோட்டு எதற்காக என்று அப்போதுதான் லியனார்ட்டுக்கு விளங்கியது. பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இவ பேரு ஜோசப்பின் ஐயா" என்றாள் சிசிலி, குழந்தையைக் கோட்டில் சுற்றியபடி. குழந்தை மூச்சு விட்டது. கோட்டுப் பையில் இருந்த மனிதர் கொஞ்சம் எழும்பினார், கொஞ்சம் தாழ்ந்தார். சின்னத்து மனிதர் உண்மையிலேயே பாய்ந்த முதல் பாய்ச்சல் அது.

மழை மூச்சு வாங்கிய நேரம் பார்த்து, செல்லசாமி தூணில் ஏணியைச் சாத்தினார்.

"அண்ணே, இன்னும் போட்டி முடியல" என்றான் லியனார்ட் பயத்துடன்.

"ஒனக்கு முடியல. நான் வெளிநாட்டுக்காரன். எனக்கு ஒங்க சட்டம் தெரியாது" என்றார் செல்லசாமி, ஏறிக்கொண்டே.

கந்தப்பன் பின்னால் ஏறினான். ஏணி சேற்றில் வழுக்கியது. யாரோ கீழே அதைப் பிடித்துக்கொண்டார்கள். லியனார்ட் திரும்பிப் பார்த்தான். ஒட்டுப் போட்ட சட்டையுடன், மழையில் கண்ணை இடுக்கிக்கொண்டு, றோலண்ட் ஐயா.

"பார்த்து இறக்குங்கள்" என்றார். "தகரம் கட்டின கம்பி குத்திவிடும்."

இருட்டுவதற்குள் மூன்றாம் லயத்துக்குக் கூரை திரும்பிவிட்டது.

போட்டி வெற்றிகரமாக நடந்ததாகச் சபை கொழும்புக்கு அறிவித்தது. மூன்று நாடுகள் பங்குபற்றியதாகவும், நாலாவதாக ஒன்று கடைசி நேரத்தில் சேர்ந்துகொண்டதாகவும் அதில் இருந்தது. அடுத்த கூட்டத்துக்குக் கோட்டில்லாமல் வந்ததற்காகச் செயலாளரிடம் விளக்கம் கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்று அவர் சொன்னாராம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. மறுநாள் காலை லியனார்ட் விழித்தபோது மழை அடித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போலச் சட்டியை எடுத்து, சொட்டு விழும் இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். சொட்டு விழவில்லை. சட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். அப்போதும் விழவில்லை.

குழந்தையை அணைத்துப் படுத்திருந்த சிசிலி மேலே பார்த்தாள்.

"என்னாங்க, கிளியக் காணோம்."

தலைக்கு மேலே ஓட்டையில்லாத, ஒட்டில்லாத, முழுத் தகரம். லியனார்ட் எழுந்து பக்கத்துக் காம்பராவுக்குப் போனான். செல்லசாமி ஒரு வாளியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே பச்சைக்கிளி. அதன் மூக்கிலிருந்து வாளிக்குள் டொக், டொக் என்று விழுந்தது.

"அண்ணே, நேத்து அவசரத்துல தகரம் மாறிப் போச்சி."

"மாறல."

"இது எங்க தகரம்ணே. கிளி இருக்கு பாருங்க."

செல்லசாமி கிளியை அண்ணாந்து பார்த்தார். ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார்.

"நான் எப்படியும் கப்பல் ஏறப் போறவன்" என்றார். "கிளிகிட்டக் கேட்டேன். அதுவும் என்கூட வருதாம். நீ போய்ப் புள்ளயப் பாரு."